சுவரும் சித்திரமும்

மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, தலைமை ஏத்திருக்கிற அண்ணன் அவர்களே, வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கச்சிகளே, இடமில்லாம பின்னாடி நின்னுக்கிட்டே கேக்குற அம்மாமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பேச இடம் கொடுத்த ஆயர் ஐயாவுக்கு என் நன்றி, மைக் செட் பாத்துக்குற தம்பிக்கும்தான்.

தலைப்பு சரீர ஒடுக்கம், அதாவது உடம்ப அடக்கிப் பழக்குறது. உபவாசம், தூக்கம், நாக்கு, இந்த மூணையும் பத்தி சொல்லணும்.

சுவர் இருந்தாதான் சித்திரம் வரைய முடியும்னு எங்க பாட்டி அடிக்கடி சொல்லுவாங்க. அப்போஸ்தலர் பவுல் பைபிள்ல 1 கொரிந்தியர் 9:27ல "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்"னு எழுதுறாரு, இத மட்டும் புடிச்சுக்கிட்டு உடம்ப எதிரியா நடத்துறவங்க நெறைய பேரு, ஆனா 24ஆம் வசனத்துலேர்ந்து படிச்சுப் பாருங்க, பந்தயத்துல ஓடுறவனப் பத்திதான் பேசிட்டு வர்றாரு. ஓடுறவன் கால பழக்குவான், ஒடிச்சுக்க மாட்டான்.

கல்யாணமான புதுசுல நான் 3 நாள் உபவாசம் இருந்தேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் கதவ திறக்க கொஞ்சம் லேட்டாச்சுன்னு வீட்டுக்காரம்மாவ அந்தக் கத்து கத்துனேன், அவங்க ஒண்ணும் பேசல. மூணாம் நாள் ராத்திரி ஜெபத்த முடிச்சுட்டு கை நடுங்க அடுப்படிக்குப் போனா, அரைக்கிலோ கோழி, தோல எடுத்துட்டு, உப்பு, மஞ்சத்தூள், தட்டுன மிளகு, பத்து பல்லு பூண்டு, அவ்வளவுதான், எண்ணெய் இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல, சின்னத் தீயில மூடி போட்டு அரைமணி நேரமா வெந்துக்கிட்டிருக்கு. கோழி விட்ட தண்ணியிலயே கோழி வெந்திருக்கு. மூடிய தூக்குனதும் ஆவி என் கண்ணாடிய மூடிருச்சு. அந்தச் சாற டம்ளர்ல ஊத்தி, "மெதுவா குடிங்க, வெறும் வயிறு"ன்னு கையில கொடுத்தாங்க. அப்புறம் ரெண்டு துண்ட ஒரு கிண்ணத்துல எடுத்துவச்சு தட்டு போட்டு மூடுனாங்க. யாருக்குன்னு கேட்டேன். "கீழ்வீட்டு அக்காவுக்கு, ஆபரேஷன் முடிஞ்சு முந்தாநாளே வந்துட்டாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

மூணு நாளா முழங்கால்ல நின்னவனுக்கு அது தெரியல. ஏசாயா 58ஆம் அதிகாரம் அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, பசிச்சவனுக்கு உன் ஆகாரத்தப் பகிர்ந்து கொடுக்கறதுதான் எனக்குப் பிரியமான உபவாசம்னு ஆண்டவர் சொல்றாரே. யவீருங்கிறவரோட செத்துப்போன பொண்ண உயிரோட எழுப்புன உடனே இயேசு என்ன சொன்னாரு? அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கன்னுதான் (மாற்கு 5:43). சூரைச்செடிக்குக் கீழ சாகணும்னு படுத்திருந்த எலியா தீர்க்கதரிசிய தேவதூதன் ரெண்டு தடவ தட்டி எழுப்பிச் சாப்பிட வச்சான். சுவர் இருந்தாதான் சித்திரம், அந்தச் சுவர் நம்முது மட்டுமில்ல, பக்கத்து வீட்டுக்காரங்களுதும்தான்.

தூக்கத்துக்கும் நாக்குக்கும் நேரமில்ல, ஆயர் ஐயா கடிகாரத்தப் பாக்குறாரு. நான் இன்னிக்கு வந்ததே ஒரு கிண்ணத்துக்காகத்தான். உபவாசம் முடிக்கிற அன்னிக்கு வாங்கிச் சாப்பிடாதீங்க, விருந்தும் வைக்காதீங்க, உங்க கையால இந்த மாதிரி எளிமையா ஒண்ணு சமைச்சு, நீங்க வாய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைங்க. தனியா இருக்கிற பெரியவங்க, சீக்காளிங்க யார் யாருன்னு வாசல்ல ஒரு நோட்டு வச்சிருக்கோம். வெளிய போகும்போது ஒரு பேர எடுத்துக்குங்க, எலும்ப கடிக்க முடியாதவங்களுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருக்கு, அவங்களுக்குச் சாறு மட்டும் போதும்.