நெடுந்தூர ஓட்டத்துக்கு வேகப் பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம்.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். இத்தனை நீண்ட தொலைவை ஓட விரும்புகிறவர், பயிற்சியில் 400 மீட்டரையும் 1,000 மீட்டரையும் விரைந்து ஓடுவதால் என்ன பயன் என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. மெதுவாக, நெடுநேரம் ஓடப் பழகினால் போதாதா என்பது நியாயமான கேள்விதான். ஓடி முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் அது போதும். ஆனால் சென்ற முறையைவிடக் குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும், கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கால்கள் துவண்டுவிடக் கூடாது என்று எண்ணுகிறவருக்கு, வாரத்தில் ஓரிரு நாள் அளவறிந்த வேகப் பயிற்சி கட்டாயம் தேவை என்பது என் உறுதியான கருத்து. அளவறிந்த என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். பெரும்பாலோர் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

நெடுந்தூர ஓட்டக்காரரின் திறனை முதன்மையாக மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன. உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு ஒன்று. அந்த உச்சத்தில் எவ்வளவு பங்கை நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பது மற்றொன்று. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பது மூன்றாவது. மெதுவான நெடிய ஓட்டங்கள் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களையும், உயிரணுக்களுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் பெருக்கி அடித்தளம் அமைக்கின்றன. ஆயினும் அவ்வகை ஓட்டங்களில் பெரும்பாலும் ஈடுபடாமலே இருந்துவிடும் விரைவுத் தசையிழைகளையும் உழைக்கப் பழக்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அவ்விழைகள் பழகியிருந்தால், போட்டியின் பிற்பகுதியில் மற்ற இழைகளில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து எரிபொருள் குறையும்போது அவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

நான் சொன்ன இரண்டாவது கூறுதான் மாரத்தானுக்கும் அரை மாரத்தானுக்கும் உயிர்நாடி. வேகம் கூடக் கூடத் தசைகளில் லாக்டேட், அதாவது சர்க்கரை சிதையும்போது உண்டாகும் பொருள், உருவாகும் அளவும் கூடுகிறது. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு வரம்பைத் தாண்டியதும் உருவாகும் அளவுக்குச் செலவாகாமல் அது இரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் அந்த வேகத்தை நெடுநேரம் நீட்டிக்க இயலாது. இந்த வரம்பை மேலே தள்ளுவதற்கு உகந்தது டெம்போ ஓட்டம். போட்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகம் எதுவோ, அந்த வேகத்தில் 20 நிமிடம் இடைவிடாமல் ஓடுவதே அது. ஓடும்போது நான்கைந்து சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது. அதே சமயம் மூச்சுத் திணறவும் கூடாது. முடித்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருக்கலாம் என்று தோன்றினால் வேகம் சரியாக இருந்தது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் முடிக்கிறவருக்கு டெம்போ வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். இடைவெளிப் பயிற்சியில், அதாவது விரைவோட்டமும் மெல்லோட்டமும் மாறி மாறி வரும் பயிற்சியில், அவர் 1,000 மீட்டரை 5 நிமிடம் 45 நொடி அளவில் நான்கைந்து முறை ஓடலாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் மெல்லோட்டம். மற்ற நாள்களில் அவருடைய வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தை ஒட்டியோ அதற்கும் மெதுவாகவோ இருக்கலாம். மாரத்தானில் அவர் பேண வேண்டிய வேகம் ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். 6 நிமிட வேகத்தில் பழகிய உடலுக்கு அந்த ஆறரை நிமிட வேகம் அடங்கிய உழைப்பாகத் தோன்றும். வேகப் பயிற்சியிலிருந்து நான் எதிர்பார்ப்பது இதைத்தான். முதல் சுற்றை, அதாவது முதல் 1,000 மீட்டரை, 5 நிமிடத்தில் பாய்ந்து ஓடிவிட்டு நான்காவது சுற்றில் ஆறரை நிமிடத்துக்குத் தளர்ந்துவிடுகிறவர் களைப்பை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார். எல்லாச் சுற்றுகளும் சில நொடி வேறுபாட்டுக்குள் அமைய வேண்டும்.

இந்த முறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்களில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் முதன்மையானவர். 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப, நம்ப முடியாத எண்ணிக்கையில் ஓடிப் பயின்ற அவர், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மாரத்தான் அவர் ஓடியது அதுவே முதல் முறை. அவருடைய எண்ணிக்கையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை, பின்பற்றவும் கூடாது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வகுத்த வரிசை நமக்கு அதிகம் பயன்படும். முதலில் பல வாரங்கள் நெடிய ஓட்டங்கள், அடுத்து மேட்டில் ஏறியோடும் பயிற்சி, அதன் பிறகே தடகள மைதானத்தில் வேகம் என்பது அவர் முறை. அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

இந்த வரிசைக்கு உடலியல் காரணமும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் உறுதிப்பட மாதங்கள் ஆகின்றன. மூச்சு இடங்கொடுக்கிறது என்று நம்பி வேகத்தைக் கூட்டுகிறவருக்குக் குதிகால் நாணிலும் முழங்காலுக்குக் கீழும் வலி வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே புதிதாக ஓடத் தொடங்கியவர்கள் சில மாதங்கள் சீராக ஓடிய பிறகு, வழக்கமான மெதுவோட்டத்தின் முடிவில் 80 அல்லது 100 மீட்டரை நான்கைந்து முறை விறுவிறுப்பாக ஓடிப் பார்ப்பதோடு தொடங்கினால் போதும். வேகப் பயிற்சிக்கு முன் 15 நிமிடமாவது மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிக்கொள்வதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

வேகம் நல்லது என்றதும் எல்லா நாளும் விரைந்து ஓட முனைகிறவர்களை நான் கவலையோடு பார்க்கிறேன். நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் செய்லர், உலகத் தரம் வாய்ந்த வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு மெதுவானதாகவே இருப்பதை எடுத்துக்காட்டினார். மெதுவான நாளை மெதுவாக ஓடுகிறவருக்கே விரைவான நாளில் உண்மையான வேகம் வரும். இரண்டு வேகப் பயிற்சிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். காய்ச்சலோ தூக்கமின்மையோ இருந்தால் அன்றைய பயிற்சியை விட்டுவிடுங்கள்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மொத்தத் தொலைவைப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும். வேகத்தை முற்றிலும் கைவிடக் கூடாது. நான்கு சுற்று ஓடியவர் இரண்டு சுற்று ஓடட்டும், அதே வேகத்தில். கடைசி வேகப் பயிற்சியைப் போட்டிக்கு நான்கு அல்லது ஐந்து நாள் முன்பாக முடித்துக்கொள்வது நல்லது.

நன்றி, வணக்கம்.