சிறை முகாமிலிருந்து தலைமைத் தளபதி வரை: ஜெனரல் குமாரமங்கலம்

[காட்சி: பழைய மெட்ராஸ் துறைமுகம்]

1942 ஏப்ரல். ரெண்டாம் உலகப் போர் நேரம். ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு மெட்ராஸே காலியாகுது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சனங்க மூட்டை முடிச்சோட ஊருக்குக் கிளம்புறாங்க. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில, கூண்டு உடைஞ்சு வெளிய வந்துடுமோன்னு பயந்து சிங்கம், புலியைச் சுட்டுட்டாங்க.

[காட்சி: லிபியா வரைபடம்]

அதே போர், அடுத்த மாசம், மே 27. லிபியா பாலைவனத்துல, பிர் ஹக்கீம் பக்கம், ஜெர்மன் தளபதி ரோமல் தலைமையில வந்த இத்தாலி டாங்கிகள், பிரிட்டிஷ்காரங்களுக்காகச் சண்டை போட்ட நம்ம இந்தியப் படைப்பிரிவை நொறுக்குது. அங்க ஒரு பீரங்கி பேட்டரிக்கு, அதாவது பீரங்கிக் குழுவுக்குத் தலைமை, பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் குடும்பம். அப்பா சுப்பராயன், மெட்ராஸ் மாகாணத்தோட முன்னாள் முதல்வர். அந்தச் சண்டையில காட்டின வீரத்துக்குத்தான் டி.எஸ்.ஓ.ங்கிற பிரிட்டிஷ் ராணுவப் பதக்கம்.

பெரம்பூர், வியாசர்பாடி தொழிற்சங்கக் குடும்பங்களுக்கு இவரோட தம்பியை நல்லாவே தெரியும். கம்யூனிஸ்ட் மோகன் குமாரமங்கலம்! அண்ணன் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. தம்பியை அதே பிரிட்டிஷ் அரசு மெட்ராஸ் சதி வழக்குல பிடிச்சு உள்ள போட்டுச்சு. ஒரே வீட்டுக்குள்ள இவ்வளவு வரலாறு.

அண்ணனும் கைதியானார், எதிரிகிட்ட. இத்தாலி முகாம்லேருந்து தப்பிச்சு, திரும்பப் பிடிபட்டு, ஜெர்மனி முகாமுக்குப் போனார். இத்தாலியில அவரோட கைதியா இருந்தவங்கள்ல ஒருத்தர், அப்போ அதே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல இருந்த யஹ்யா கான். என்னை உலுக்குற இடம் இதுதான். ஒரே முகாம்ல அடைபட்டுக் கிடந்த அந்த ரெண்டு பேரும் 1966-ல, ஜூன்ல இவர் இந்தியாவுக்கும் செப்டம்பர்ல அவர் பாகிஸ்தானுக்கும் தரைப்படைத் தலைவர் ஆனாங்க. பிரிவினை என்ன பண்ணுச்சுன்னு புரியணும்னா, இந்த ஒரு சம்பவம் போதும்.

[காட்சி: நாது லா கணவாய்]

1967 செப்டம்பர், இவர் பதவிக்காலம். சிக்கிம் எல்லையில, நாது லாவுல சீனப்படை சுட ஆரம்பிச்சது. களத்துல ஜெனரல் சகத் சிங். நம்ம பீரங்கிகள் நாள் கணக்குல பதிலடி கொடுத்துச்சு. 1962 சீனப் போர்ல பட்ட அடிக்கு அப்புறம் படைக்கு நம்பிக்கை திரும்பினது அங்கதான்.

1969 ஜூன்ல ஓய்வு. அடுத்து வந்தவர் மானெக்ஷா. 1971 போர்ல எதிர்ப்பக்கம் அதிபரா இருந்தது, அதே யஹ்யா கான். அந்த வெற்றிக்கு மானெக்ஷாவைக் கொண்டாடுறோம், கொண்டாடணும். ஆனா 1965 போருக்கு அப்புறம் மூணு வருஷம் அந்தப் படையை நடத்தி அவர் கையில ஒப்படைச்சவர், நம்ம குமாரமங்கலம்.