ஊசி வாங்கும் பொறுப்பு யாருக்கு?

வணக்கம் நேயர்களே.

2021 ஏப்ரல் 19. கொரோனாவின் இரண்டாம் அலையில் டில்லியும் மும்பையும் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்துகொண்டிருந்த நேரம். அன்றைக்குத்தான் மத்திய அரசு புதிய தடுப்பூசிக் கொள்கையை அறிவித்தது. மே 1 முதல் 18 வயது நிரம்பிய எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றது. அதுவரை பொதுமக்களில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே என்றிருந்ததால், இதைக் கேட்டுப் பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அறிவிப்பில் இன்னொரு பகுதியும் இருந்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் மட்டும்தான் மத்திய அரசு இலவசமாக மருந்து அனுப்பும். 18 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு வேண்டியதை மாநிலங்கள் கம்பெனிகளிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு, மீதிப் பாதி மாநிலங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் என்று பிரித்தார்கள்.

இரண்டு நாளில் விலையும் தெரிந்தது. மத்திய அரசு 150 ரூபாய்க்கு வாங்கிவந்த கோவிஷீல்டு, மாநிலங்களுக்கு 400, தனியாருக்கு 600. அடுத்து கோவாக்சின் விலை வந்தது. மாநிலங்களுக்கு 600, தனியாருக்கு 1,200. நாலா பக்கமும் கண்டனம் எழுந்த பிறகு மாநிலங்களுக்கான விலையைக் கோவிஷீல்டுக்கு 300 என்றும் கோவாக்சினுக்கு 400 என்றும் குறைத்தார்கள். குறைத்த பிறகும், அதே மருந்துக்கு மத்திய அரசு தருவதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ மாநிலம் தர வேண்டியிருந்தது. அதற்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

மத்திய அரசு பெரியதா, மாநில அரசு பெரியதா என்று வழக்காட நான் இங்கே வரவில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரே கவலைதான். கொள்ளைநோய்க் காலத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்திலும் செலவும் பழியும் வேறிடத்திலும் இருந்தால், தடுப்பூசிக்காக விடியற்காலையில் வந்து வரிசையில் நிற்கிற மனிதருக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆவது இனம் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும். மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலின் 29ஆவது இனம், தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது. மருந்துகளும் பொதுப் பட்டியலில்தான் வருகின்றன. ஆனால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ், புதிய மருந்துக்கும் தடுப்பூசிக்கும் அனுமதி தருவது மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புதான். 1897இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரர்கள் அவசரமாக இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம் பெரும்பாலான அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. ஒன்றிரண்டு பக்கங்களில் அடங்கிவிடும் அந்தச் சட்டத்தில் தடுப்பூசியை யார் வாங்குவது, யார் பங்கிடுவது என்ற பேச்சே கிடையாது. புயலையும் வெள்ளத்தையும் மனத்தில் வைத்து வந்த 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கொண்டுதான் 2020 மார்ச்சில் நாடு முழுவதையும் மத்திய அரசு முடக்கியது. ஆக, வாசலை மூடும் அதிகாரம் டில்லிக்கு, வாசலுக்குள் இருப்பவர்களைக் காப்பாற்றும் கடமை மாநிலங்களுக்கு என்று ஆனது.

மாநிலங்கள் ‘வாங்கிக்கொள்ளலாம்’ என்றதை நெருங்கிப் பார்த்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. எந்த மாநிலம் எத்தனை டோஸ் வாங்கலாம் என்பதை, 18 முதல் 44 வயது வரை உள்ள மக்கள்தொகையை வைத்து மத்திய அரசே நிர்ணயித்தது. மாநிலங்களுக்கான விலையும் தான் கம்பெனிகளோடு பேசியதால் எல்லாருக்கும் ஒன்றே என்று உச்ச நீதிமன்றத்தில் அதுவே சொன்னது. ஊசி போட முன்பதிவு செய்வதும் மத்திய அரசின் கோவின் தளத்தில்தான். அளவு அவர்களுடையது, விலை அவர்களுடையது, பதிவுத் தளம் அவர்களுடையது. மாநிலத்தின் கையில் மிஞ்சியது பணப்பை மட்டுமே. ஸ்மார்ட்போன் இல்லாத கூலித் தொழிலாளியும் கோவினில் பதிந்தால்தான் ஊசி என்றிருந்த விதியை, மே 24 அன்றுதான் அரசு மையங்களில் நேரில் வந்து பதியலாம் என்று தளர்த்தினார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் வருத்தம் உண்டு. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை நாட்டுக்கே செய்துகாட்டியது நம் மாநிலம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கினார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் அதே வழியில் கழகங்கள் அமைத்தன. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டமும் அப்படித்தான் நடக்கிறது. 1985இலிருந்து மருந்தை மத்திய அரசு மொத்தமாக வாங்கி அனுப்பும். புதன்கிழமைதோறும் நம் கிராம சுகாதார செவிலியர்கள் போடுவார்கள். வாங்குவது அங்கே, போடுவது இங்கே என்ற அந்த ஏற்பாடு தட்டுத்தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றாண்டில் ஒருமுறை வரும் நோய்க்காலத்தில்தானா அதைக் கலைத்துப் பார்க்க வேண்டும்?

கலைத்ததன் விளைவு உடனே தெரிந்தது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 36 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியான நாள்கூட உண்டு. உள்நாட்டுக் கம்பெனிகளிடம் மருந்து கிடைக்காமல், மூன்றரைக் கோடி டோஸுக்கு மாநில அரசு உலகளாவிய டெண்டர் விட்டது. யாரும் வரவில்லை. உத்தரப் பிரதேசமும் மும்பை மாநகராட்சியும் டெண்டர் விட்டன. பஞ்சாப் நேரடியாகக் கேட்டபோது, இந்திய அரசோடு மட்டும்தான் வியாபாரம் என்று அமெரிக்கத் தடுப்பூசிக் கம்பெனியான மாடர்னா பதில் சொல்லிவிட்டது. டில்லிக்கும் அதே கதை. ஒரே நாட்டின் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டிபோட்டு அதே நாலைந்து கம்பெனிகளின் கதவைத் தட்டின. கதவைத் திறக்கும் சாவி மத்திய அரசிடம் இருந்தது.

கதவைத் தட்டாமல் இங்கேயே தயாரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குன்னூரில் 1907இலிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் இருக்கிறது. இரண்டும் மத்திய அரசுடையவை. நல்ல உற்பத்தி நடைமுறைகளை நிறைவு செய்யவில்லை என்று 2008இல் இவற்றின் உரிமத்தையும் இமாசலப் பிரதேசத்தின் கசௌலியில் உள்ள மத்திய அரசுத் தடுப்பூசி நிலையத்தின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. குறைகளைச் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் உரிமம் திரும்பக் கிடைத்தது 2010இல். அதற்குள் நாட்டின் பொதுத்துறை தடுப்பூசி உற்பத்தி நொடிந்துபோனது. பின்னர் செங்கல்பட்டில் சுமார் நூறு ஏக்கரில், பல நூறு கோடி ரூபாய் செலவில், எச்எல்எல் பயோடெக் என்ற மத்திய பொதுத்துறை நிறுவனத்துக்காகத் தடுப்பூசி வளாகம் ஒன்று எழுந்தது. கொரோனா வந்தபோது அது உற்பத்தியில்லாமல் கிடந்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, அதை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊசி இல்லை என்று மையத்துக்கு மையம் பலகை தொங்கிய அந்த மாதத்தில், சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு தடுப்பூசி ஆலை பூட்டிக் கிடந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் நேரடியாகக் கேட்டார்கள்: பட்ஜெட்டில் தடுப்பூசிக்கென்று ஒதுக்கிய 35 ஆயிரம் கோடி ரூபாயை எப்படிச் செலவிட்டீர்கள்? அதை ஏன் 18 முதல் 44 வயதினருக்குப் பயன்படுத்தக் கூடாது? அந்த வயதினரிடம் மட்டும் விலை வைப்பது மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்றது மே 31 தேதியிட்ட உத்தரவு. அதே நாள்களில் கேரள முதல்வர் பினராயி விஜயன், மத்திய அரசே வாங்கித் தர வேண்டும் என்று சேர்ந்து கேட்போம் எனப் பல மாநில முதல்வர்களுக்கு எழுதினார். ஜூன் 7 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். ஜூன் 21 முதல் 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தரும் என்றார். ஆக, சுற்றிச் சுற்றி 1985இன் ஏற்பாட்டுக்கே திரும்பினோம். இடையில் கழிந்தது, தொற்று உச்சத்தில் இருந்த மே மாதம்.

மாநிலங்கள் செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே மே மாதம் 10ஆம் தேதி, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புழுக்கொல்லி மருந்தான ஐவர்மெக்டின் மாத்திரை தரப்போவதாகக் கோவா அரசு அறிவித்தது. அந்த மருந்தை ஆய்வுகளில் மட்டுமே பயன்படுத்துங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ஒரு மருந்து வேலை செய்யுமா என்பதற்குக் கோவாவுக்கு ஒரு விடை, கர்நாடகத்துக்கு ஒரு விடை இருக்க முடியாது. அது வாக்கெடுத்துத் தீர்க்கும் விஷயமும் அல்ல. சிகிச்சை நெறிமுறையை நாடு முழுவதற்கும் ஒரு நிபுணர் குழு, சான்றுகளை வெளியிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் மத்திய அரசின் நெறிமுறையிலும் அப்போது ஐவர்மெக்டின் இடம்பெற்றிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிருக்காக நம் ஊரில் மக்கள் வெயிலில் நாள் கணக்கில் நின்றார்களே, அந்த மருந்தையும் உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை குப்பி என்று டில்லி பங்கிட்ட அக்கறையில் ஒரு பங்காவது, அது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்வதில் இருந்திருக்கலாம்.

கட்டாயம் என்பது அடுத்த சிக்கல். தடுப்பூசி அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பல மாநிலங்கள் ஊசி போடாதவர்களைப் பொது இடங்களுக்கு வரவிடாமல் தடுத்தன. தமிழ்நாடு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பேரில் அப்படிச் செய்தது. மேகாலயாவில் கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி போட்டால்தான் தொழில் என்றபோது, 2021 ஜூனில் அந்த மாநில உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட்டுக்கொள்ளச் செய்ய முடியாது என்றது. பொதுநலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், அது தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகப்படுகிறது. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லும் செவிலியருக்கு, மக்களின் நம்பிக்கைதான் கருவி. காவலரை அருகில் நிறுத்தினால் அது கைநழுவிவிடும்.

மாநிலத்தால் எது முடியும் என்பதையும் பார்த்தோம். மருந்து தட்டில்லாமல் வந்த பிறகு, 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் மட்டும் தமிழ்நாட்டில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், பேருந்து நிலையம் என்று எங்கும் முகாம். அந்த வேலையை டில்லியிலிருந்து யாராலும் செய்திருக்க முடியாது.

2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286ஆவது அறிக்கையில், 1897ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைக்குப் போதாது என்றும், மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உள்ள அதிகாரங்களைத் தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்படிப் புதிய சட்டம் எழுதப்படும்போது மாநிலங்களையும் மேசையில் உட்கார வைத்து எழுத வேண்டும். அதற்கென்றே அரசியல் சாசனத்தின் 263ஆவது பிரிவில் மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் இருக்கிறது; 2016 ஜூலையில் கூடிய அந்த மன்றம், கொரோனாவின் இரண்டு அலைகளிலும் ஒருமுறைகூடக் கூடவில்லை. கொள்ளைநோய்க்கான தடுப்பூசியை மத்திய அரசு ஒரே விலையில் வாங்கி இலவசமாகத் தர வேண்டும் என்பதும், மாநிலத்துக்கு மாநிலம் பங்கிடும் கணக்கை வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்பதும், யாருக்கு முதலில் போடுவது என்பதில் மாநிலங்களுக்குக் குரல் வேண்டும் என்பதும் அந்தப் புதிய சட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் அந்த மசோதா வரும் நாளில், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.