திருவிருந்துக்கு முன் பத்து நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, என்னை அழைத்த நாளிலிருந்து இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டு "ஐயா, உடம்பு நல்லா இருக்கா?" என்று விசாரித்த ஆயர் அவர்களே, ஆயரம்மா அவர்களே, மூப்பர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, மனதைத் தொடும்படி பாடிய பாடகர் குழுவினரே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பிமாரே, உங்கள் எல்லோரையும் ஆண்டவராகிய இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகிறேன். பேராயர் அவர்கள் எத்தனையோ வேலைகளுக்கு நடுவே முழு நேரமும் உட்கார்ந்து கேட்கச் சம்மதித்திருக்கிறார்கள். காலையிலிருந்து நாற்காலி போட்டு, பாய் விரித்து, மைக் கட்டிய பிள்ளைகளின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் என் நன்றி.

என் தாயாருக்குப் பிடித்த பழமொழி ஒன்று உண்டு. "பொறுத்தார் பூமி ஆள்வார்." பள்ளிக்கூடத்தில் ஒருவன் அடித்துவிட்டான் என்று அழுதுகொண்டு வந்தாலும் அதுதான், மழை விடாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாலும் அதுதான். வெகுகாலம் கழித்து இயேசுவின் மலைப்பிரசங்கத்தை நிதானமாக வாசித்தபோது, சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்ற வசனத்தில் அம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது.

தமிழில் "பொறு" என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? "கொஞ்சம் பொறு" என்றால் காத்திரு என்று பொருள். "என் பிழையைப் பொறுத்தருளும்" என்றால் மன்னியும் என்று பொருள். "இந்த உத்தரம் பாரம் பொறுக்குமா?" என்றால் தாங்குமா என்று கேட்கிறோம். காத்திருப்பது, மன்னிப்பது, சுமப்பது என்று மூன்றுக்கும் ஒரே சொல். இந்த மூன்றையும்தான் இன்று பேச வந்தேன்.

முதலாவது, காத்திருப்பது. ஆதியாகமத்தில் வருகிற யோசேப்புக்கு 17 வயது இருக்கும்போது சொந்த அண்ணன்மாரே அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் முன்னால் அவன் நின்றபோது வயது 30. நடுவே 13 ஆண்டுகள், அடிமை வீடும் சிறைச்சாலையும். அப்பா யாக்கோபு இறந்த பிறகு அண்ணன்மாருக்குப் பயம் வந்துவிட்டது. இனி நம்மைப் பழிவாங்குவான் என்று நடுங்கிப் போய்க் காலில் விழுந்தார்கள். அதற்கு யோசேப்பு சொன்ன பதில்: "பயப்படாதிருங்கள், நான் தேவனா?" எவ்வளவு பெரிய விசுவாசம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது, பாருங்கள்! நியாயாதிபதியின் நாற்காலி என்னுடையது இல்லை, அதில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவனுக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் இப்படிப் பேச முடியும். நம்மால் பிறரிடம் கிருபையாக நடக்க முடியாமல் போவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கர்த்தர் கணக்குப் பார்ப்பார் என்ற நம்பிக்கை குறையக் குறைய, நாமே கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறோம்.

நான் ஆகியிருந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் என்னைவிட எட்டு வயது இளைய ஒரு தம்பி. ஒரே வரிசையில் உட்காருவோம், ஒரே பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துப் பாடுவோம். அவருடைய மகளுக்கு அறுவை சிகிச்சை என்று ஒரு நாள் ராத்திரி வந்து நின்றார். என் கையில் இருந்ததையும், மனைவியின் கையில் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். பிள்ளை பிழைத்தாள். ஸ்தோத்திரம். ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னார். ஒரு வருடம் போயிற்று. பிறகு என்னைக் கண்டால் வழி மாறிப் போக ஆரம்பித்தார். கோயிலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. அந்தத் தொகையையும் தேதியையும் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஜனவரி பிறந்ததும் புது டைரியை எடுத்து, முதல் வேலையாகப் பழைய டைரியில் இருந்த அந்த ஒரு வரியைப் பார்த்து எழுதுவேன். பேனாவை மாற்றுவேன், மையை மாற்றுவேன், வரி மட்டும் மாறாது. ஒன்பது ஆண்டுகள், ஒன்பது டைரிகள்! புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் அதை எழுதுவேன். ஒரு வருடம் மனைவி கேட்டாள்: "என்னங்க, சபையில இந்த வருஷத்துக்குக் குடுத்த வாக்குத்தத்த வசனமா எழுதுறீங்க?" நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு திருவிருந்து ஞாயிறு, இயேசுவின் சரீரத்தையும் இரத்தத்தையும் நினைத்து அப்பமும் பாத்திரமும் வாங்குகிற நாள். கூட்டம் அதிகம். வரிசைகளை எழுப்பி விட்டவர்கள் எப்படி விட்டார்களோ, பலிபீடத்துக்கு முன்னால் நான் முழங்கால் போட்டபோது பக்கத்தில் வந்து முழங்கால் போட்டவர் அவர்தான். தோளும் தோளும் உரசுகிறது. எழுந்து போகவும் முடியாது. அப்பத்தைக் கையில் வாங்கினோம். ஆயர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினார். அவருடைய கை நடுங்கியது. பாத்திரத்தைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி, மிக மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் குடிக்கலாமா?"

ஆயர் நின்றுகொண்டிருக்கிறார். பாத்திரம் எங்கள் இருவருக்கும் நடுவே நிற்கிறது. பின்னால் கீர்த்தனை ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவருக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்துக்கு அவர் என்னிடம் அனுமதி கேட்கிறார்! அப்படிக் கேட்கும் நிலைக்கு ஒரு மனுஷனை நான் ஒன்பது ஆண்டுகளாகத் தள்ளி வைத்திருக்கிறேன். "குடிங்க தம்பி" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவர் குடித்தார். அதற்குப் பிறகு நான் குடித்தேன்.

அடுத்த ஜனவரியில் அந்த வரியை நான் எழுதவில்லை. பணம் வந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முழுவதும் வந்ததா என்றால், எண்ணுவதை விட்டுவிட்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அம்மா சொன்னது, பூமி கிடைக்கும் என்ற ஆசைக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது, மன்னிப்பது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொன்னார்: ராஜா தன் வேலைக்காரனுடைய பெரிய கடனை மன்னித்தான், அந்த வேலைக்காரனோ தன்னிடம் கொஞ்சம் கடன்பட்ட உடன் வேலைக்காரனை மன்னிக்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிப்பணம், அதாவது ஒரு தெனாரியு, ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியு. ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். உடன் வேலைக்காரன் பட்ட கடனோ நூறு நாள் கூலி. கவனியுங்கள், நூறு நாள் கூலி சில்லறை இல்லை, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பம் பிழைக்கும் பணம். உனக்கு நடந்த அநியாயம் சின்னது என்று ஆண்டவர் சொல்லவேயில்லை. உனக்கு மன்னித்து விடப்பட்ட கடனுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார் என்கிறார்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துப் போ" என்று சொல்வதற்கு யாரும் இந்த வசனத்தை எடுக்கக்கூடாது. மன்னிப்பது வேறு, அடிக்கிற கைக்குக் கீழே போய் நிற்பது வேறு. அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போவதும் சபையின் கடமை.

மூன்றாவதான சுமப்பதைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கிற நேரத்தில் நான் சபை சபையாகக் கேட்டு வருகிற ஒன்றை உங்களிடமும் கேட்டுவிடுகிறேன்.

பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு என்றார் இயேசு. இதை அவர் சொன்னது கலிலேயாவில், கேட்டவர்களில் பலர் கலிலேயா ஜனங்கள். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் மேல் தூரம், மூன்று நாள் நடை. போய்த் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அவ்வளவு நடந்தாலும் சரி, முதலில் போ என்கிறார். ஆதிச் சபை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. "திதகே" என்ற மிகப் பழைய சபை ஒழுங்குநூல், தோழனோடு சண்டை உள்ளவன் ஒப்புரவாகும்வரை கூடுகையில் சேர வேண்டாம் என்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியரும், அப்பமும் பாத்திரமும் வருவதற்கு முன்னால் விசுவாசிகள் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்தினார்கள் என்கிறார்.

நமக்கு மூன்று நாள் நடை இல்லை. மூன்று வரிசை தூரம். ஆகையால் நான் கேட்பது பத்து நிமிடம். திருவிருந்துக்கு முந்தின ஞாயிறே அறிவித்துவிடுங்கள். அன்று பாவ அறிக்கைக்கு முன்னால் பாட்டும் இசையும் இல்லாமல் பத்து நிமிடம் விடுங்கள். எழுந்து போக வேண்டியவர்கள் போகட்டும். வெளியூரில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் வாசலுக்குப் போய்த் தொலைபேசியில் பேசட்டும். பக்கத்துக் கையைக் குலுக்கிவிட்டு உட்காருகிற சடங்காக இது மாறிவிடக்கூடாது, அதில் மட்டும் கவனமாக இருங்கள். ஆராதனை நீண்டுவிடும் என்று ஒரு மூப்பர் ஐயா என்னிடம் வருத்தப்பட்டார். அறிவிப்புகளைக் குறைத்தால் சரியாகிவிடும், ஐயா. பொறுத்தார் பூமி ஆள்வார். பத்து நிமிடம் பொறுக்க மாட்டோமா?

பேராயர் அவர்களிடம் இதை ஒரு விண்ணப்பமாகவே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் கொடுக்கிறேன். ஆயர் அவர்களே, உங்கள் சபையில் அடுத்த திருவிருந்துக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாகச் சொன்னீர்கள். அன்றைக்கு நானும் வருகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஒருவரிடம் தனியாகப் போய் நிற்கத் தயங்குகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், கூடவே வருகிறேன்.