படிக்கட்டு பார்க்கப் போன பிள்ளை

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். என் அணிக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம் கடைசியில்; நான் பேசி முடித்தபிறகு அதை வாங்கிக்கொள்ளத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிப் போட்ட படகுகள் மாதிரி மணலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மண்டபம் ஊர்ச் சொந்தங்களே, உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

தலைப்பு என்ன? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு மூன்று நாள் பட்டணம் பார்க்கப் போனால், திட்டம் போடவேண்டியது பெற்றோரா, பிள்ளைகளா? பிள்ளைகள்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு ஏழு காரணம் எழுதிக்கொண்டு வந்தேன். இதோ கையில் காகிதம். ஆனால் அண்ணன் பேசின பேச்சில் காகிதம் பறந்துவிட்டது.

எதிரணித் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் தெரு அண்ணன், என்ன சொன்னார்? "பிள்ளைங்க கையில திட்டத்தைக் கொடுத்தா என்ன ஆகும்? இந்தத் தங்கச்சி வீட்டுப் பையன் மெட்ராசுக்குப் போனான். என்ன பார்த்தான் தெரியுமா? படிக்கட்டு பார்த்தான்! படிக்கட்டு பார்க்கவா அறுநூறு கிலோமீட்டர் போகணும்? ராமநாதபுரத்துல இல்லாத படிக்கட்டா?" உடனே நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் நாத்தனாரும் தட்டினார். பார்த்துவிட்டேன், மைனி. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.

என் வீட்டுக் கதை அண்ணனுக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் இதே மேடையில் நானே சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு மணி அடித்துவிட்டார்கள், பாதிக்கதைதான் சொன்னேன். அரைக் கதையைக் கேட்டுவிட்டு ஆசிரியர் மார்க் போடலாமா? முழுசாக இன்றைக்குக் கேளுங்கள் அண்ணே.

2023 மே மாதம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோய், புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவும் அப்போதுதான் வரும். ஆகா, அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நமக்குத் தெரியாதா? அப்பா வீட்டில் இருந்தால் காசு வீட்டில் இருக்காது. காசு வேண்டுமென்றால் அப்பா கேரளக் கரைக்குக் கூலிக்குப் போய்விடுவார். அந்த வருஷம் கொல்லத்திலிருந்து நாலே நாள் லீவு போட்டு வந்தார். "பிள்ளைகளை மெட்ராசுக்குக் கூட்டிப் போறேன், திட்டம் நான் போட்டுட்டேன்" என்றார்.

திட்டத்தை எங்கே போட்டிருந்தார்? சிகரெட் அட்டையின் பின்பக்கம். மூன்று நாளில் ஒன்பது இடம்! அண்ணே, உங்கள் அணி சொல்லும் "பெரியவங்க திட்டம்" இதுதான்.

சின்னவனுக்கு அப்போது எட்டு வயது. நோட்டுத் தாளைக் கிழித்து அவனும் ஒன்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். இவர் முதல் வரியைப் படித்தார். "நகரும் படிக்கட்டு" என்று இருந்தது. ஒரே சிரிப்பு. தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்பேன்.

வியாழக்கிழமை ராத்திரி ராமநாதபுரத்தில் ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கினோம். அட்டையில் முதல் இடம் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, டைனோசர் இருக்கு, ஐம்பொன் சிலை இருக்கு என்று ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மூத்தவள் மெதுவாக, "அப்பா, வெள்ளிக்கிழமை லீவுன்னு போன்ல போட்டிருக்கே" என்றாள். "நீ சும்மா இரு, வெள்ளிக்கிழமை யாராவது மூடுவானா?" மூடுவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறையே வெள்ளிக்கிழமைதான். குடும்பத்தோடு கேட்டைப் பார்த்தோம். நல்ல பெரிய கேட்.

சாயங்காலம் இரண்டாவது இடம். என்ன இடம்? சொல்லுங்கள் பார்ப்போம். மெரினா கடற்கரை!

சொந்தங்களே, நம் மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாசலில் ஒரு கடல், கொல்லையில் ஒரு கடல். இந்த இரண்டும் போதாது என்று மூன்றாவது கடலைக் காட்ட அறுநூறு கிலோமீட்டர் கூட்டிப் போனார் இந்த மனிதர். சின்னவன் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "அப்பா, இது நம்ம கடல்தானே?" "இல்லடா, இது வங்காள விரிகுடா." "அது எங்கேருந்து வருது?" இவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "சுண்டல் வாங்கித் தரவா?" என்றார்.

அதோடு விட்டாரா? நொச்சிக்குப்பம் பக்கம் வலை காயப்போட்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். கண்ணி அளவென்ன, டீசல் என்ன விலை, வஞ்சிரம் கிலோ என்ன போகிறது, இரண்டு மணிநேரம். பட்டணம் பார்க்கப் போன அப்பா மீன்விலை பார்த்தார். அண்ணே, என் மகன் படிக்கட்டு பார்த்ததற்குச் சிரித்தீர்களே, இதற்கும் கொஞ்சம் சிரியுங்கள்.

சனிக்கிழமை வண்டலூர். மே மாதத்து மதியம் ஒரு மணி வெயிலில், அறுநூறு ஹெக்டேர் காட்டுக்குள். சிங்கம் படுத்திருந்தது. புலி படுத்திருந்தது. நீர்யானை தண்ணீருக்குள் படுத்திருந்தது. கடைசியில் இவரும் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டை தீர்ந்துபோச்சு. தீரவில்லை, ஆறு இடம் பாக்கி, இவர்தான் தீர்ந்துபோனார். "இன்னிக்கு நீங்களே சொல்லுங்கப்பா" என்று பிள்ளைகளிடம் கையெடுத்துக் கும்பிட்டார். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்றாள் மூத்தவள். காசில்லை, வெயிலில்லை, பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி. ஒரு மூலையில் உட்கார்ந்தவளை எழுப்ப முடியவில்லை. சரி, அதை விடுங்கள், நீங்கள் காத்திருப்பது படிக்கட்டுக்கு.

மெட்ரோ ரயிலில் போய் ஒரு ஸ்டேஷனில் இறங்கினோம். பூமிக்கு அடியிலிருந்து மேலே வரவேண்டும். எதிரே நகரும் படிக்கட்டு. சின்னவன் ஒரே தாவில் ஏறினான், போய்விட்டான். மூத்தவள் ஏறினாள். நான் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முருகா என்று ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் கீழேயே நிற்கிறார்.

இருபது வருஷம் கடலுக்குப் போனவர். ஆடிக் காற்றில் படகு எகிறும்போது அணியத்தில், அதுதான் படகு முனையில், நின்று டீ குடிப்பவர். அவர் வலது காலை நீட்டுகிறார், எடுக்கிறார். இடது காலை நீட்டுகிறார், எடுக்கிறார். பின்னால் ஒரு பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். "சார், ஏறுங்க சார்!" மூன்றாம் தடவை துணிந்து காலை வைத்தார். பயந்து இழுத்தார். கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை!

செருப்பு மட்டும் தனியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, சொந்தங்களே. கைப்பிடியில்லை, பயமில்லை, நிமிர்ந்து, ஒற்றைச் செருப்பு. ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து போய் மெட்ரோ படிக்கட்டில் துணையில்லாமல் ஏறிய செருப்பு அது. மேலே நின்ற சின்னவன் விருந்தாளியை வரவேற்கிற மாதிரி குனிந்து அதை எடுத்தான்.

இன்னொரு தரம் சொல்லவா? கைதட்டினால் சொல்வேன். சரி, சொல்கிறேன். இந்தத் தடவை அவர் முகத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். செருப்பு போகிறது, இவர் கீழே நின்று, படகு கயிறறுத்துப் போவதைப் பார்க்கிறவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு, "ஏய்... ஏய்..." என்கிறார். யாரைக் கூப்பிடுகிறார்? செருப்பை! அதோ, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாரே, அவர்தான். காலில் அதே செருப்புதான்.

இனி அண்ணனுக்கு வருகிறேன். படிக்கட்டு பார்க்கவா போகணும் என்று கேட்டீர்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, கப்பல் வந்தால் அப்படியே நேராக 17 மீட்டர் மேலே ஏறும். அண்ணே, அது ஏறுவதைப் பார்க்க நீங்கள் எங்கே நின்றீர்கள்? ரோட்டுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூடாமல். நான் பார்த்தேன், ஏனென்றால் நானும் பக்கத்தில் வாயைத் திறந்துதான் நின்றேன். அறுபத்தைந்து வயதில் பாலம் ஏறுவதை நீங்கள் வேடிக்கை பார்க்கலாம், எட்டு வயதில் படிக்கட்டு ஏறுவதை என் பிள்ளை பார்க்கக் கூடாதா?

வடநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் நம் ஊரில் என்ன பார்க்கிறார்கள்? நாம் திரும்பிக்கூடப் பார்க்காத தண்ணீரைப் பார்த்துக் கூவுகிறார்கள். நண்டுக்குப் பயந்து ஓடுகிறார்கள். நாம் சிரிக்கிறோமா? தன் ஊரில் இல்லாததைப் பார்க்கத்தான் மனிதன் டிக்கெட் எடுக்கிறான். எது இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா சிகரெட் அட்டையில் மெரினா என்று எழுதுகிறார்.

மணி அடிக்கிறீர்கள், நடுவரே. தெரிகிறது. ஏழு காரணத்தில் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று பெரியவர்கள் பாருங்கள், வண்டலூருக்குச் செவ்வாய் லீவு. ரயிலுக்கு 60 நாள் முன்னால் பதிவு திறக்கும்போதே போடுங்கள். வெயில் நேரத்தில் அறையில் படுக்க விடுங்கள். எங்கே போவது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். காரணம் முடிந்தது.

அந்தத் தாள் மட்டும் பாக்கி.

ஞாயிறு ராத்திரி எழும்பூரில் திரும்ப ரயில் ஏறினோம். இவர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். சில்லறை தேடிக் கையை விட்டேன், நாலாய் மடித்த தாள் வந்தது. அதுவரை நானும் படிக்கவில்லை, சொந்தங்களே. அம்மா என்று பெயர், நானும் படிக்கவில்லை. நாலே வரி. நகரும் படிக்கட்டு. பாதாள ரயில். கோன் ஐஸ். நாலாவது வரி, "அப்பா பக்கத்தில் படுக்கணும்".

வாரத்தில் மூன்று ராத்திரி கடல். பாக்கி ராத்திரியில் வலை வேலை, ஐஸ் வேலை. தடைக்காலத்தில் கொல்லம். போன படகு விடிந்தும் வரவில்லை என்றால் நம் தெருவில் யாரும் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. உங்களுக்கு அதை நான் சொல்லவேண்டியதில்லை. எட்டு வயதுக்குள் அந்தப் பிள்ளை அப்பாவோடு தூங்கிய ராத்திரியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

படிக்கட்டில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். செருப்பை எடுத்தவன் மேலேயே நிற்கவில்லை. பக்கத்துக் கல்படி வழியே கீழே ஓடினான். சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்து, அப்பா காலடியில் செருப்பை வைத்து, கையைப் பிடித்துக்கொண்டான். "வத்தைப் படகுல ஏறும்போது அலை தூக்குற நேரம் பார்த்துக் காலை வைப்பீங்கள்லப்பா, அப்படி வைங்க. நான் பிடிச்சிருக்கேன்" என்றான். இவர் வைத்தார். ஏறிவிட்டார்.

ரயிலில் அந்தப் பிள்ளைக்கு பெர்த் இல்லை. ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். காசு மிச்சம் என்று பாதி டிக்கெட்தான் எடுத்திருந்தார். அவர் பெர்த்திலேயே சுவர் ஓரமாக ஒண்டிப் படுத்திருந்தான். நடுராத்திரி டிக்கெட் பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர். "எதிர் பெர்த்துக்கு ஆள் வரல. பையனை அதுல படுக்கச் சொல்லுங்க, எதுக்கு நெருக்கிக்கிட்டு" என்றார். இவர் தட்டி எழுப்பினார். அவன் எழுந்திருக்கவில்லை. ரொம்ப அசந்து தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்.

நான் கீழ் பெர்த்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இறுக மூடியிருந்தது. கை மட்டும் அப்பாவின் பனியனைப் பிடித்திருந்தது.

எதிர் பெர்த் ராமநாதபுரம் வரை காலியாகவே வந்தது. எதிரணிக்கும் சேர்த்து, வணக்கம்.