ஆகாயத்தை அடிக்கிற சிலம்பம்

நேயர்கள் அனைவருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபம் 9-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். 26-ம் வசனத்தில், "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்கிறார். கிரேக்க மூலத்தில் அது குத்துச்சண்டை. நம் முன்னோர் அதைச் சிலம்பம் ஆக்கிக் கொடுத்தார்கள். கம்பு சுழல்கிறது, ஓசை கேட்கிறது, ஆனால் அடி யார்மேலும் விழவில்லை. நம்மில் பலருடைய பக்தி முயற்சி அப்படித்தான் இருக்கிறது.

கொரிந்தியருக்கு இது புரிந்த பேச்சு. பக்கத்து இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பந்தயம் நடக்கும். ஜெயித்தவனுக்குக் கிடைத்தது பைன் இலைக் கிரீடம். ஒரு காலத்தில் வாடிய செலரித் தழையையே சூட்டினார்கள். அந்தத் தழைக்காக ஒருவன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கட்டுப்படுத்துகிறான். அதைத்தான் பவுல் இச்சையடக்கம் என்கிறார். 27-ம் வசனத்தில் "என் சரீரத்தை ஒடுக்கி" என்று வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது. பவுலின் அடி விழுந்த இடம் அவருடைய சொந்தச் சரீரம்.

நம்முடைய அடி எங்கே தவறுகிறது? வேத வாசிப்பையே எடுத்துக்கொள்வோம். புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கென ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்குகிறோம். "இந்த வருஷம் வேதத்தை முழுவதும் வாசித்துவிடுவேன்" என்று தீர்மானம் எடுக்கிறோம். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரே வருஷத்தில் முடியும். கணக்கு சரிதான். ஆதியாகமம் கதைபோல ஓடிவிடும். ஜனவரி நான்காவது வாரத்தில் யாத்திராகமம் 25 வரும். ஆசரிப்புக் கூடாரம், திரை, பலகை, பாதம், முழக்கணக்கு. அதைக் கடந்தால் ஜனவரிக் கடைசியில் லேவியராகமத்தின் பலிமுறைகள். அங்கே ஒரு நாள் விட்டுப்போகும். மறுநாள் ஆறு அதிகாரம் பாக்கி, அதற்கடுத்த நாள் ஒன்பது. பாக்கி ஏற ஏற வேதத்தைத் திறக்கவே கூச்சமாகிவிடும். ஆகவே விட்டுப்போன நாளைவிட, அதை ஈடுகட்ட நினைப்பதுதான் ஆளை வீழ்த்துகிறது என்பேன்.

முதல் வருஷத்துக்குப் புதிய ஏற்பாடு போதும். அதில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். சனிக்கிழமை அந்த வாரம் தவறியதற்கு. சனிக்கிழமையும் முடியாமற்போனால் அதை விட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்குரிய அதிகாரத்துக்கு வந்துவிடுங்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது.

மொத்தம் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். பத்து நிமிஷம், வாய்விட்டு வாசியுங்கள். ஐந்து நிமிஷம், மனதைத் தைத்த ஒரு வசனத்தைக் கையால் எழுதி, இன்று நான் செய்யவேண்டியது என்ன என்று அதன்கீழ் ஒரே வரி. மிச்சம் ஐந்து நிமிஷம் அந்த வரியையே ஜெபமாக்குங்கள். அலாரத்துக்காகக் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்தால் கண் விழித்ததும் வாட்ஸ்அப்தான் திறக்கும். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்குங்கள். கைப்பேசி அடுத்த அறையில் கிடக்கட்டும். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் அந்தத் தீர்மானத்தை முந்தின இரவு பத்து மணிக்கே எடுத்தாக வேண்டும். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களும் கைக்குழந்தைக்காரரும் காலையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மதிய உணவு முடிந்த இருபது நிமிஷமும் கர்த்தருடையதுதான். தினமும் அதே வேளை, அதே இடம் என்பதுதான் முக்கியம். தானியேல் சிங்கக்கெபிக்குப் பயந்து அன்று புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை. "தான் முன் செய்துவந்தபடியே" முழங்கால்படியிட்டான் என்கிறது 6-ம் அதிகாரம்.

உபவாசத்திலும் சிறிதாகத் தொடங்குவதே நல்லது. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வேளை, தண்ணீர் குடிக்கலாம். அந்த வேளைச் சாப்பாட்டுக் காசைத் தனியே எடுத்துவைத்துப் பசித்தவருக்குக் கொடுங்கள், ஏசாயா 58 கேட்பது அதைத்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவைத் தவிர்க்கக் கூடாது. அவர்கள் தொலைக்காட்சியையோ இனிப்பையோ விட்டு உபவாசிக்கலாம்.

இன்னொன்று, ஒரு ஜெபத்துணை வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரே கேள்வி கேட்கிற ஒருவர்: "இந்த வாரம் எத்தனை நாள் வாசித்தீர்கள்?" பதில் இரண்டு நாள் என்றால் இரண்டு என்றே சொல்லுங்கள். கேட்பவர் அதற்குப் பிரசங்கம் செய்யாமல் கூடச் சேர்ந்து ஜெபித்தால் போதும்.

ஜனவரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம். மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாறு கடினமாகத் தோன்றினால் மாற்கு முதலில். 16 அதிகாரங்கள், மூன்று வாரமும் ஒரு நாளும் ஆகும்.