சொந்தப் பாட்டுக்கு மூன்று நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நன்றாகப் பாடுகிற பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் இன்று இடம் இருக்கிறது. போட்டி நிகழ்ச்சிகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் அங்கே பெரும்பாலும் கேட்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளைத்தான். தானே வரி எழுதி, தானே மெட்டுப் போட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கும் மாணவி எங்கே போவாள்? உள்ளூர்த் தொலைக்காட்சிக்குத்தான் போக வேண்டும் என்பேன். பெரிய சேனல்கள் நிமிடத்துக்கு நிமிடம் விளம்பரக் கணக்குப் பார்ப்பவை. பெயர் தெரியாத பிள்ளையின் புதுப் பாட்டை எடுக்க அவை தயங்கும். உள்ளூர்ச் சேனலுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

இதை வெறும் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் சட்டமாகவே செய்து பார்த்த நாடு உண்டு. அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் கல்விக்கும் சேனல் ஒதுக்க வேண்டும் என்று 1972-இல் விதி வந்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பிறகு 1984-ஆம் ஆண்டுச் சட்டம், அப்படிக் கேட்டு வாங்கும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களுக்கே கொடுத்தது.

ஒரு பாட்டுக்குத் தொலைக்காட்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்கப் பாடகி ஜானிஸ் இயனைச் சொல்லலாம். பள்ளியில் படிக்கும் வயதிலேயே, வெள்ளையினப் பெண்ணும் கறுப்பின இளைஞனும் காதலிப்பதைப் பற்றி அவர் ஒரு பாட்டு எழுதினார். பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1967-இல் இசை நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பாட வைத்து, அந்தப் பாட்டைப் பற்றி மனம் திறந்து பேசினார். அதற்குப் பிறகுதான் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அது பெரிய தேசிய நிகழ்ச்சி, உண்மைதான். ஆனால் பெர்ன்ஸ்டைன் அங்கே மதிப்பெண் போடவில்லை. பாட்டை உட்கார்ந்து கேட்க வைத்தார். அந்த மரியாதையை எந்தச் சின்ன சேனலும் தர முடியும்.

சரி, எப்படித் தருவது? முதலில், பாட்டை முழுதாக விடுங்கள். பல்லவி முடிந்ததும் தொகுப்பாளர் கைதட்டி உள்ளே வந்துவிட்டால், எழுதியவள் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். புதுப் பாட்டின் கதை பெரும்பாலும் இரண்டாவது சரணத்தில்தான் திரும்பும்.

அடுத்தது ஒலி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தெரிந்த பாட்டில் ஒரு சொல் கேட்காமல் போனாலும் மனம் நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டில் போன சொல் போனதுதான். அதனால் குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்குத் தனியாக ஒன்று; எதிரொலி குறைவாக; வரிகள் திரையின் கீழே ஓடட்டும். பாடுகிறவருக்குத் தன் குரல் திரும்பக் கேட்க ஒரு ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ கட்டாயம் வேண்டும். அது இல்லாமல்தான் பல பிள்ளைகள் கத்திப் பாடிச் சுருதி விலகுகிறார்கள். ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் கிட்டார்க் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவே விளக்கைப் போட்டு, சிறிது நேரம் விட்டு, அப்புறம் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். இதை ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லி, வீட்டில் பயிலும் வேகத்தை விடச் சற்று நிதானமாகத் தொடங்கப் பழக்கலாம். குரலின் உச்சியில் நிற்கும் பாட்டை அரைச் சுருதி இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது. கேமராவைப் பார்க்கவா வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வியே எழாதபடி முந்தின நாள் ஒருமுறை ஸ்டுடியோவுக்குள் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்துவிட்டால் போதும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பாட்டு எழுதியவருக்குப் பதிப்புரிமை பதிவு ஏதும் செய்யாமலேயே கிடைத்துவிடுகிறது. ஆனாலும் வரியை எழுதியும் மெட்டை ஒலிப்பதிவு செய்தும் தேதியோடு வைத்திருங்கள். பின்னால் சான்றாக உதவும். சேனல் நீட்டும் தாளில் ஒளிபரப்ப அனுமதி மட்டும் கேட்கிறார்களா, பாட்டின் உரிமையையே எழுதி வாங்குகிறார்களா என்று பாருங்கள். உரிமையைக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். இணையத்தில் ஏற்றுவார்களா, எத்தனை காலத்துக்கு என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

சேனல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழா நாளில் ஒரு தடவை பாட வைத்து அனுப்பிவிடாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே ஒரு மாணவர் என்று தொடங்குங்கள். பாடி முடித்த பிள்ளையிடம், ஆறு மாதம் கழித்து அடுத்த பாட்டோடு வா என்று தேதி குறித்துக் கொடுத்து அனுப்புங்கள். எழுதுகிறவர்களுக்கு அந்தத் தேதிதான் வேண்டும்.

நன்றி, வணக்கம்.